நிசாந்தனை அனுப்பிய பிறகு

மிட்சம், லண்டன்
27.10.2004

அன்பின் சற்குணம் அக்காவுக்கு,

தங்கை சிவமலர் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் இருமல் குறைந்ததும், சின்னவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் அறிந்து சந்தோசம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இவர் வேலைக்குப் போய் வருகிறார். என் இடது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. தலையில் தையல் போட்ட இடத்தில் மயிர் முளைக்கத் தொடங்கியிருக்கிறது.

பெற்ற பிள்ளையைக் கவுன்சில் என்கிற நகரசபையிடம் கொடுத்துவிட்டு எப்படிச் சோறு இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சொன்னவர்கள் முழுவதையும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நிசாந்தனை நீங்கள் கண்டபோது அவன் கைக்குழந்தை. இப்போது பத்தொன்பது வயது. தகப்பனைவிட ஒரு சாண் உயரம். புத்தி மட்டும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். பேச்சு இல்லை. குளிப்பாட்ட, ஊட்ட, துடைத்துவிட எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆனாலும் பள்ளிக்கூடம் இருந்தவரை சமாளித்தோம். காலையில் கவுன்சில் வான் வந்து ஏற்றும், பின்னேரம் கொண்டுவந்து விடும்.

யூலையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இனிக் கவுன்சிலில் பெரியவர்களுக்கான பிரிவுதான் பொறுப்பாம். அவர்கள் சேர்த்துவிட்ட பகல் நிலையத்தில் ஒரு பெண்ணின் தோளைக் கடித்துவிட்டான். அவனை வைத்திருக்க ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த உதவியாளும் நிலைக்கவில்லை. வேறு இடம் கேட்டால், தாய் வீட்டில் இருக்கிறாரே, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள்.

அவனுக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்? விடிந்ததும் சப்பாத்தைக் கொண்டுவந்து என் மடியில் போடுவான். யன்னலடியில் நின்று வானைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது வராது. தலையைச் சுவரில் இடிப்பான். தடுக்கப் போனால் அடி எனக்கு விழும்.

செப்ரெம்பரில் ஒரு காலை, எதிர்வீட்டுப் பிள்ளையை ஏற்ற அதே மாதிரி வெள்ளை வான் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு வீதியில் பாய்ந்தான். வந்த கார் ஒன்று பிரேக் அடித்து அவன் காலடியில் நின்றது. நான் ஓடிப் போய் இழுத்துவந்து கதவைப் பூட்டினேன். வான் போய்விட்டது. அவன் என் பக்கம் திரும்பினான்.

தலைமயிரைப் பிடித்துப் படிக்கட்டில் இடித்தான், அக்கா. திரும்பத் திரும்ப. மறைத்த கையைப் பிடித்து முறுக்கினான். முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து மேலே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த இவர் பாய்ந்து வந்தார். இழுத்துப் பார்த்தார், அசைக்க முடியவில்லை. பெல்ட்டைக் கழற்றி அடித்தார். அவன் என்னை விட்டுவிட்டான். அதன் பிறகும் அடித்தார். முகம், முதுகு என்று பார்க்கவில்லை. ஒருநாளும் பிள்ளையில் கை வைக்காத மனிசன். அவன் மூலையில் சுருண்டுபோனான். "காணும், விடுங்கோ, பிள்ளை செத்துப்போடுவான்!" என்று கத்திக்கொண்டு தவழ்ந்துபோய் அவன்மேல் விழுந்தேன். எனக்கும் ஒரு அடி விழுந்தது. அப்போதுதான் நிறுத்தினார்.

பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பேர் அவனைக் குப்புற அழுத்தி விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். இவரையும் கொண்டுபோய் விசாரித்து, எச்சரித்து விட்டார்கள்.

மறுநாள் நான் கிடந்த ஆஸ்பத்திரிக்குக் கத்தரின் வந்தார். அவர்தான் நிசாந்தனுக்குப் பொறுப்பான கவுன்சில் உத்தியோகத்தர். அடுத்த முறை நீ சாவாய், இல்லாவிட்டால் உன் கணவர் அவனைக் கொல்லுவார் என்று நேராகவே சொன்னார். குரொய்டன் பக்கம் ஒரு வீடு. அவனைப் போல மூன்று பெடியள், இரவும் பகலும் ஆட்கள் நிற்பார்கள். கவுன்சில் சம்மதித்துவிட்டது என்றார். இவர் கேட்டார்: "ரத்தத்தைக் கண்டாப் பிறகு ஒரு நாளிலை குடுக்க ஏலுமெண்டா, இவ்வளவு காலமும் ஏன் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?" எங்களுக்காகப் பலதடவை மேலிடத்தில் கேட்டுப் பேச்சு வாங்கியவர் கத்தரின். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

நான் அவனைக் கொடுத்துவிடவில்லை, அக்கா. உயிரோடு இருக்கட்டும் என்று அனுப்பினேன். அங்கே நீச்சலுக்குக் கூட்டிப் போகிறார்கள். முகத்துக் காயம் ஆறிவிட்டது. என் வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. நித்திரை மட்டும் வருகுதில்லை.

போன ஞாயிறு பார்க்கப் போனோம். இவர் காரைவிட்டு இறங்கவில்லை. "என்ரை முகத்தைக் கண்டாப் பிள்ளை பயப்பிடுவான், நீ போ" என்றார். நான் போனேன். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தான். கட்டிப்பிடிக்க அவன் சின்னனில் இருந்தே அப்படித்தான் வருவான். எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்னால் போய், அங்கே வேலை செய்கிற பெடியனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நிசாந்தன் தூக்கிய கையோடு நின்றான். பிறகு மெல்ல இறக்கினான்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நல்லூருக்குப் போகும்போது அவன் பெயரில் ஒரு அர்ச்சனை செய்யுங்கள். அவன் சுகப்பட வேண்டும் என்று கேட்க வேண்டாம். அதை நான் கேட்டுக் களைத்துவிட்டேன். வருகிற ஞாயிறு அவன் கை தூக்கும்போது என் கால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் கும்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
சிவமலர்