தர்ஷினியின் கண்ணாடி

2025 ஜனவரி 10, வெள்ளி

மதியமே எலக்ட்ரிக் கடையைச் சாத்திவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய கேமரா ஒன்று வாங்கினேன். "நல்லா வேலை செய்யும் சாமி, வூட்ல போய்ப் பாரு" என்றான் கடைக்காரன். தாடியைப் பார்த்து மலைக்குப் போகிறவன் என்று நினைத்துவிட்டான். நான் மாலையைக் கழற்றி ஏரியில் எறிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எதற்கு எனக்குக் கேமரா? போனைக் குடைந்து பார்த்தேன், அதனால்தான். சபரிமலை, ஆடிக் கூழ், தேர், அபிஷேகம் என்று நூற்றுக்கணக்கில் சாமி படம். என் மகள் தேவதர்ஷினி தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஒரு தீபாராதனைப் படத்தின் ஓரத்தில் பாதி முகம், சரிந்த கண்ணாடி, அவ்வளவுதான். அவளே எடுத்துக்கொண்டதெல்லாம் அவள் போனில் இருக்கிறது. அதைத் திறக்கும் எண் எங்களுக்குத் தெரியாது. டெங்குவில் அவள் சாகக் கிடந்தபோது நான் படம் எடுத்த சாமிகள் எல்லாம் எங்கே போயிருந்தன?

ஜனவரி 14

பொங்கல். என் மனைவி கோகிலா பானை வைத்தாள். நான் மாடிக்குப் போய்க் காக்காயைப் படம் எடுத்தேன். ஒன்றும் தெளிவாக வரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணன் கேசவன் வந்தார். அவர் மகன் முகிலனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டுமாம். வீட்டில் கன்னியாகச் செத்த பெண்ணைச் சாமியாக்கி, ஏரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து, அதற்குச் சேலை கட்டிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். இதுவரை எந்தக் காலத்திலோ செத்த ஒருத்திக்குச் செய்தோம். இந்த முறை என் மகளுக்கு.

"அவ நம்ம வூட்டு தெய்வம்டா. அவ உத்தரவு இல்லாம தாலி ஏறுமா?"

"எனக்கு தெய்வம் வேணாண்ணா. பொண்ணுதான் வேணும்."

"இன்னாடா பேசுற? உனுக்கு சாமி இல்லன்னா என் புள்ள கல்யாணம் நிக்கணுமா?"

கோகிலா உள்ளேயிருந்து வந்து, "நான் படைக்கிறேன் மாமா" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

கூப்பிட்டபோது வராத சாமிக் கூட்டத்தோடு என் பிள்ளையையும் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

ஜனவரி 23

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம். கண்ணாடி போட்ட ஒரு பெண், தர்ஷினியைப் போலவே பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு வந்தாள். கை தானாகக் கேமராவைத் தூக்கிவிட்டது. பூ விற்கிற அக்கா பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், வயசுப் பொண்ண போட்டோ எடுத்துகினு கீற? டெலீட் பண்ணு மொதல்ல."

அழித்தேன். கும்பல் கூடிவிட்டது. அவள் சொன்னது நியாயம்தான். என் பொண்ணை எவனாவது இப்படி எடுத்திருந்தால் அறைந்திருப்பேன். ஆனா என் பொண்ணு செத்துட்டான்னு அங்க யார்கிட்ட சொல்றது? என்ன பொழப்பு இது.

ஜனவரி 24

மறுபடி பல்லாவரம். தார்ப்பாயில் பழைய மூக்குக்கண்ணாடிகள் குவியலாகக் கிடந்தன. யார் யாரோ போட்டுக் கழற்றியவை. சாயங்காலம் வரை உட்கார்ந்து அவற்றையே படம் எடுத்தேன். யாரும் திட்டவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

ஜனவரி 30

அண்ணன் ஸ்டுடியோவில் கொடுத்துத் தர்ஷினியின் காலேஜ் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். நிறத்தை வெளுத்திருக்கிறார்கள். தலையில் கிரீடம், பின்னால் ஒளிவட்டம். கண்ணாடியை எடுத்துவிட்டார்கள்.

"சாமி எங்கனா கண்ணாடி போட்டுகினு இருக்குமாடா?" என்கிறார்.

ஆறாம் வகுப்பிலிருந்து போட்டவள். அது இல்லாவிட்டால் வாசலில் நிற்கிற அப்பனையே தெரியாது அவளுக்கு. ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து கண்ணாடியின் காதுக் கம்பி வளைந்துபோனது. சரிசெய்ய விடவில்லை. எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். குருட்டுச் சாமியாக்கிட்டானுங்க என் பொண்ண.

ஜனவரி 31

ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்த அந்தக் கண்ணாடி எங்கே என்று கோகிலாவைக் கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தூக்கிப் போட்டுவிட்டாளா? இன்னொரு முறை கேட்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

போவதில்லை என்றுதான் இருந்தேன். "கும்பிட வேணாம். போட்டோ எடுக்கவாவது வாங்க" என்றாள் கோகிலா. போனேன்.

அண்ணன் வீட்டுக் கூடம். குடத்துக்கு மஞ்சள் சேலை, வளையல், கதம்பம். குடத்தின் மேல் தேங்காய். எதிரே இலையில் பச்சைமாவு, பொரி, அவளுக்குப் பிடித்த பானிபூரி. பின்னால் அந்தக் கிரீடப் படம். ஒன்றையும் எடுக்க மனசு வரவில்லை. கேமராவை மூடியே வைத்திருந்தேன்.

கற்பூரம் ஏற்றுவதற்கு முன் கோகிலா முன்னால் போனாள். கிரீடப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தர்ஷினியின் கண்ணாடியை எடுத்து, தேங்காயில் மாட்டி, இரண்டு காதுக் கம்பியையும் பூச்சரத்தில் செருகினாள்.

கண்ணாடி இடப்பக்கம் சாய்ந்தது. நேராக வைக்க அண்ணன் கையை நீட்டினார்.

"விடுண்ணா. அவ அப்படித்தான் போட்டுக்குவா."

நான்தான் சொன்னேன்.

எல்லோரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. கேமராவைத் திறந்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு விரல் தடம் தெரிந்தது. "உன் கை பட்டுடுச்சா?" என்றேன்.

"நான் ஓரத்தைத்தான் புடிச்சேன். ஆஸ்பத்திரில குடுத்ததுலேர்ந்து துடைக்கவே இல்லீங்க" என்றாள் கோகிலா.

அப்படியென்றால் அது தர்ஷினியின் விரல். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவளை நான் எடுத்த படம் என்று இது ஒன்றுதான் இருக்கிறது.