எருப் போட்டு மறைத்த மண்

குசினியில் வினாகிரிப் போத்தல் கைதவறி விழுந்து உடைந்தது. அம்மா கத்தினார். நான் விளக்குமாற்றைத் தேடாமல் அந்தப் புளித்த மணத்துக்குள் அப்படியே நின்றேன். தீவுப் பக்கம், சரவணை ஊரில் ஒரு பிடி மண்ணில் வினாகிரியை ஊற்றி, "பாரடி, சோடா மாதிரிப் பொங்குது. எல்லாம் சுண்ணாம்பு" என்று கண்ணை விரித்த சிநேகிதி நீ.

நான் கம்பஸ் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்த காலம் அது. நீ படித்து முடித்து ஒரு ஆய்வுக்கு மண் எடுத்துக்கொண்டிருந்தாய். பயிர்ச்செய்கை தீவுகளின் மண்ணையும் கிணறுகளையும் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வு. "உன்னட்ட ஸ்கூட்டி கிடக்கு, என்னட்ட வேலை கிடக்கு. வா" என்றாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் வந்தேன்.

தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து நடந்து, பல இடத்து மண்ணை வாளியில் கலக்க வேண்டும். நாங்கள் நடப்பதைப் பார்த்த ஒருவர் வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன பிள்ளையள், விடிய வெள்ளனவே கள்ளடிச்ச வெறியோ?" என்றார். "ஓம் அண்ணை, உங்களுக்கும் கொஞ்சம் வைச்சிருக்கிறம்" என்று நீ வாளியைத் தூக்கிக் காட்டினாய்.

தேவியக்காவின் வெங்காயத் தோட்டத்துக்கு வந்தபோது நீ நின்றுவிட்டாய். சுற்றியுள்ள தோட்டங்கள் வெளிறிக் கிடக்க, அது மட்டும் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. ஒரு கட்டியை உடைத்து மணந்தாய்.

"அக்கா, எப்ப எருப் போட்டனீங்கள்?"

"நேற்று. நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டுத்தான். மண் பெயிலாப் போனால் தோட்டம் செய்ய விடமாட்டினமாம். அதுதான் மாட்டுப் பட்டியில கிடந்த எருவெல்லாம் அள்ளிக் கொட்டிக் கொத்தி விட்டனான்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. தோட்டத்து ஓரக் கிணற்றில் அவருடைய மகள், நிறைமாதக்காரி, தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். நீ அவளையே பார்த்தாய். வருடக்கணக்காகப் போட்ட மூட்டை உரம் மண்ணில் நிற்கிறதா, அந்தக் கிணற்றுக்குள் இறங்குகிறதா என்று அறியத்தான் வந்திருந்தோம். நேற்றுக் கொட்டிய எரு அதை மறைத்துவிடும்.

"அக்கா, இது சோதினை இல்லை. காய்ச்சல்காரர் பவுடர் பூசிக்கொண்டோ டொக்டரிட்டப் போறது?"

"அப்ப நேற்று முழுக்க நான் நாரி முறியச் சுமந்தது?"

"வெங்காயத்துக்கு நல்லது. எங்களுக்குத்தான் உதவாது."

எனக்கு வெயில் பொறுக்கவில்லை. "கிடக்கிறதை அள்ளிக்கொண்டு போவமடி, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அந்தத் தண்ணியைக் குடிக்கிறவளுக்குத் தெரியவேணும்" என்றாய்.

தேவியக்கா கிணற்றடியில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். எருப் படாத நிலம், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "இதைத்தான் காட்டக்கூடாது எண்டு நினைச்சனான்" என்றார். நீ அங்கே குந்தியிருந்து மண் எடுத்தாய். கிணற்றுத் தண்ணீரும் ஒரு போத்தல் எடுத்தாய்.

அந்தக் கிணறு குடிக்க உதவாது என்று முடிவு வந்தது. அதைச் சொல்ல நீயே போனாய். அன்றிலிருந்து மகளுக்குப் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர். தோட்டத்தில் உரமும் பாதியானது. குழந்தை சுகமாகப் பிறந்தது. நீ பார்க்கவில்லை. அதற்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்தக் குட்டி, நான் மண் எடுக்கப் போனால் வாளிக்குள் கல்லைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். உனக்கு அவளை நல்லாப் பிடித்திருக்கும்.

ஓம், நான் இன்னும் மண் எடுக்கிறேன். தனியாகத்தான். போன மாதம் அனலைதீவில் ஒரு ஐயா தன் தோட்டத்தின் முன்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார். நடுவில் என் படிப்பைப் பற்றி விசாரித்தவர், "நீர் ஏன் படிப்பை விட்டனீர்?" என்றார். வீட்டுப் பிரச்சினை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

"பெயில் விட்டனான், ஐயா. திரும்பிப் போக வெக்கமாக் கிடந்தது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்.

"சரி, வாரும் பிள்ளை. பின்னுக்குக் கொஞ்சம் மோசமாக் கிடக்கு" என்று முன்னால் நடந்தார்.