உலைக் கதவை நான் திறந்த நாள்

ஷெலெஸ்னி பிரோட், செவ்வாய்

அன்புள்ள ஓட்டிலியா,

கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறாயா? நான் நலம், களைப்புதான் கொஞ்சம் கூடுதல்.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. சிற்பி மிலுஷே வார்க்கும் கண்ணாடி, மூடிய உலையிலேயே மூன்று வாரம் ஆற வேண்டும். ரொட்டியைப் போலச் சூட்டோடு எடுக்க முடியாது. உன் கண் அறுவை சிகிச்சைக்கு வந்துவிடும் அவசரத்தில், காவல் இருந்த நானே நான்கு நாள் முன்னதாகக் கதவைத் திறந்துவிட்டேன். கண்ணாடியின் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது. மிலுஷே திட்டித் தீர்த்தாள்.

"என்ன வாத்தியாரே, பிள்ளைங்களையும் இப்படித்தான் அரைவேக்காடா வெளியே அனுப்புனீங்களா? அப்படி என்ன அவசரம்?"

"வீட்டுக்காரிக்குக் கண்ல புரை. ஜன்னல்ல பால் ஊத்தின மாதிரி தெரியுதாம்."

அவள் திட்டுவதை நிறுத்தினாள். "பாலா? அப்போ விளக்கு எப்படித் தெரியுமாம்?" என்று பென்சிலைத் தேடினாள். உன் கண்ணுக்குத் தெரியும் அந்த விளக்கைத்தான் அடுத்து வார்க்கப்போகிறாள்.

அது ஆறும்வரை நான் உலையை விட்டு நகர முடியாது. மருத்துவமனைக்கு உன் தங்கை அல்பீனாவை அழைத்துப் போ. என் கம்பளிக் காலுறைகளை அனுப்பு. கூடவே, காலையில் நம் சமையலறை ஜன்னல் எப்படித் தெரிகிறதென்று நீ சொல்ல, அவள் எழுதட்டும். கட்டு அவிழ்த்த பிறகு உனக்கே அது மறந்துவிடும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் லாடிஸ்லாவ்