சின்னவளின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம்

மார்ச் 3

சின்னவள் முந்தாநாள் பத்து கிலோமீட்டர் ஓடி மெடல் வாங்கினாள். கொழுந்தனுக்கு மனைவியாகி இரண்டு வருடம்தான். வீடே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. இன்னும் கால்வலியாம். மாமியார் தைலம் தேய்த்துவிடுகிறார்.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சுக்கா, அதான் வலி" என்றாள். யாரிடம்? ஆஸ்பத்திரி லேபில் பதினொரு வருடமாக அதை அளக்கிற என்னிடம்.

"அது ஒரு மணி நேரத்துல இறங்கிடும். ஈரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்கிடும். இது தசை லேசா கிழிஞ்ச வலி."

"அவ வலியில துடிக்கிறா, நீ பாடம் எடுக்கற" என்றார் மாமியார்.

சரியாகத்தானே சொன்னேன்?

மார்ச் 4

நின்று நின்று என் கால் வலிக்காத நாள் உண்டா? தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 9

சின்னவளுக்குக் காய்ச்சல். என் கணவர்கூட அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். எனக்கு டைபாய்டு வந்தபோது ஆரஞ்சு மேஜைமேல் தோலோடு கிடந்தது.

மார்ச் 11

காலையில் அவளை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். பதினொரு மணிக்கு அவள் ரத்தம் என் மேஜைக்கு வந்தது. லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் ஆசிட் அளவு, 5.8. இரண்டைத் தாண்டக்கூடாது.

முதலில் தோன்றியதை எழுதுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்: இதிலும் இவள்தான் முதலா?

ஓடினவளுக்கு ஏறினால் தானே இறங்கும். படுத்திருப்பவளுக்கு ஏறினால் வேறு கதை. ஆக்சிஜன் போதாமல் செல்கள் சர்க்கரையைப் பாதியில் விட்டு அமிலமாக்குகின்றன. நான்கைத் தாண்டினால் உடனே டாக்டருக்குப் போன் செய்யவேண்டும். விதி.

நான் செய்யவில்லை. ஐஸில் வைக்காமல் அனுப்பியிருப்பார்கள், ட்யூபுக்குள்ளேயே அமிலம் ஏறியிருக்கும், வேறு ரத்தம் கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ட்யூப் வந்த ஐஸ் என் கண்ணெதிரே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம். பிறகு போனை எடுத்தேன்.

சிறுநீரகத் தொற்று, ரத்தத்தில் கலந்துவிட்டது. ஐசியுவுக்கு மாற்றினார்கள்.

மார்ச் 12

3.9. மாமியார் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போன் பண்ணதாலதான் சீக்கிரம் மருந்து ஏத்த முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னார்மா."

அம்மா என்று என்னை அழைத்தது இதுவே முதல்தடவை. அதுவும் அவளுக்காக. ச்சே, நான் என்ன பிறவி?

மார்ச் 13

1.6. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 21

வீட்டுக்கு வந்துவிட்டாள். தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன். "நாலு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"ஏன்?"

"உன்னைப் பிடிக்காம."

போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மார்ச் 24

மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

யாராவது கூட வர, மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமியார் கிளம்பினார், கொழுந்தன் கிளம்பினார். சின்னவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். "நீங்க வாங்க."

தெருமுனை வரை போனோம். திரும்பும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

வாசலில் மாமியார் தண்ணீரோடு நின்றார். முதலில் அவளுக்குத்தான் நீட்டினார். அதைக் கவனிக்காமல் இருக்க எனக்கு இன்னும் வரவில்லை.