றெக்கோட்டுக்கு வைத்த பொட்டு

செப். 27, சனி

காலையில் குளிர். கட்டடத்தில் இன்னும் ஹீற்றர் போடவில்லை. மகள் வதனி சூப்பரின்டென்டனுக்கு இரண்டு தரம் போன் பண்ணியாயிற்று. போன வருடமும் இதே கூத்து. அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

பத்து மணி போல் கதவில் தட்டல். எதிர்வீட்டுச் செல்சோ. பிரேசில்காரர், பெண்சாதி செத்தபிறகு தனிய இருக்கிறார். மேல்வீட்டுக் குழாய் வெடித்து அவருடைய சீலிங்கால் தண்ணீர் ஒழுகுதாம். உடைத்துத் திருத்த ஆட்கள் வருகிறார்களாம். கையில் ஒரு றெக்கோட், பழைய காலத்து இசைத்தட்டு, துவாயில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

"மிஸஸ், ஒரு கிழமை வைச்சிருங்கோ. தண்ணி படக்கூடாது. ஒருத்தரும் தொடக்கூடாது."

(நானும் அவரும் பேசுவது பாதி இங்கிலிஷ், பாதி கை. எழுதுவது எனக்கு விளங்கினபடி.)

எனக்குத் தெரிந்த றெக்கோட்தான். கோடையில் அவர் வீட்டில் கோப்பி குடிக்கப் போனபோது போட்டுக் காட்டினார். அவர்கள் ஊர்ப் பழைய பாட்டு, சம்பா என்கிறார். சம்பா என்றால் எனக்கு அரிசிதான். இன்னொரு வகை ஷோரோவாம். அதில் ஒரு வாத்தியம் ஓட, மற்றதெல்லாம் துரத்தும். பாடியது, வாசித்தது எல்லாம் கிழடுகள். ஒருகாலத்தில் பெரிய ஆட்கள், பிறகு றேடியோக்காரர் கைவிட்டுவிட்டார்களாம். யாரோ தேடிப்பிடித்து ஒரே அறையில் இருத்திப் பதிந்தது. ஒருவர் சாக்ஸபோன். ஒருவர் சாப்பாட்டுக் கத்தியால் பீங்கான் தட்டை உரசுகிறார், அதுவே தாளம், ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஒரு மனுசி பாடுகிறாள். மேடைக் குரல் இல்லை. கறி தாளிக்கும்போது ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடுகிற குரல். எனக்குப் பிடித்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

அலுமாரியில், சேலைகளுக்கு மேல் வைத்தேன்.

செப். 29, திங்கள்

முழங்கால் நோ. கீழே உடுப்புத் தோய்க்கிற லோண்டிறியில் செல்சோ. வருகிற ஞாயிறு கீழே பார்ட்டி றூமில் பெண்சாதி றோசாவின் நினைவு நாளாம். வருடாவருடம் கூட்டாளிகள் வந்து, மேசையைச் சுற்றி இருந்து பாடுவார்கள். முதலில் அந்த றெக்கோட்டைப் போடவேண்டும். அதில் முதல் பாட்டு றோசாவுக்கு. அது முடிந்துதான் இவர்கள் வாத்தியத்தில் கை வைக்கலாம். இந்த நாட்டுக்கு வரும்போது அவள்தான் அதைச் சூட்கேசில், உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தவளாம். குளிர்ச் சட்டையை விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தாளாம்.

"நீங்களும் வாங்கோ."

"பாப்பம்" என்றேன். போகத்தான் நினைப்பு. சொந்த மச்சாள் பரிமளம், பிறம்ரனில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தபோது எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனிதர் யாரோ எவரோ, கூப்பிடுகிறார்.

வாங்க: உளுந்து, கறிவேப்பிலை, அவல், கடலை, கற்பூரம், பூ (மலிவென்றால்), முழங்காலுக்கு எண்ணெய்.

ஒக். 1, புதன். சரஸ்வதி பூசை

மழை. வதனி வேலைக்கு, பேத்தி அபி கம்பசுக்கு. நான் தனிய. பூசையில் வைக்க என்ன இருக்கிறது இந்த வீட்டில்? அபியின் கல்குலேற்றர், வதனியின் சமையல் புத்தகம். வாத்தியம் ஒன்றுமில்லை. வயலின் பழக அனுப்பினோம், அபி பாதியில் விட்டாள்.

அப்போதுதான் றெக்கோட் நினைவு வந்தது. வாத்தியமெல்லாம் அதற்குள்தானே. அந்தப் பெரிய ஆட்களும் அதற்குள்தானே. வெள்ளைத் துணி விரித்து நடுவில் வைத்தேன். மேல்மட்டை உறைக்குப் பொட்டு வைத்தால் மட்டைக்குத்தான் சேரும். வெளியே எடுத்து றெக்கோட்டுக்கே வைத்தேன், சந்தனம், அதன்மேல் குங்குமம். நடுவில் வட்டக் காகிதத்தில் பேர் எழுதியிருக்கிறது. பேரை மறைக்கக்கூடாதென்று கறுப்பில், ஓரமாக வைத்தேன். வடிவாக இருந்தது.

ஒக். 2, வியாழன்

காலையில் பார்த்தால் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சளும் சிவப்பும் குழைந்து அந்த மெல்லிய கோடுகளுக்குள் போய் அப்பிக்கொண்டது. பல்லு பிறஸால் தேய்த்தேன். இன்னும் மோசம்.

பின்னேரம் அபி கண்டாள்.

"அம்மம்மா, நோ. அந்தக் கோட்டுக்குள்ளதான் பாட்டே இருக்கு. அதிலதான் ஊசி ஓடுறது."

"எனக்கு ஆர் சொன்னது?"

"கூகிள் பண்ணியிருக்கலாம்."

சாமி கும்பிட முதல் யாரும் கூகிள் பண்ணுவார்களா.

வதனி வேலையால் வந்து பார்த்தாள். கையைக் கழுவாமலே ஒரு மூச்சு யோசனை. "பேசாமல் இருங்கோ அம்மா. ஒன்லைன்ல இதே றெக்கோட் இன்னொண்டு தேடி எடுப்பம். மட்டைக்குள்ள மாத்தி வைச்சால் அந்த மனுசனுக்குத் தெரியவே போறேல்லை."

நல்ல பிள்ளை, எனக்காகத்தான் சொல்கிறாள். ஆனால் எனக்கு ஒருத்தி இப்படி மாற்றி வைத்துச் சிரித்துக்கொண்டு தந்திருந்தால், அது பிறகு தெரியவந்தால், செத்தாலும் மறக்கமாட்டேன். அதோடு, றோசாவின் சூட்கேசில் வந்தது இது. கடையில் இருப்பது வேறு.



ஒக். 3, வெள்ளி

சொன்னேன்.

அவர் வீட்டில் பாதிச் சீலிங் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்ரிக் விரிப்பு, தூசி. வாசலில் நின்றே றெக்கோட்டை நீட்டினேன். "எங்கட சாமிக்குப் பூசை. இதுக்குப் பொட்டு வைச்சனான். பழுதாப் போச்சு. சொறி." அந்தச் சொல் என் வாயால் வந்ததைப் பரிமளம் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

வெளிச்சத்தில் பிடித்துச் சரித்துச் சரித்துப் பார்த்தார். பெருவிரலால் தடவினார். முகம் கறுத்தது.

"தொடக்கூடாதெண்டு சொன்னனான். ஏன் வெளியில எடுத்தனீங்கள்?"

"மரியாதைக்கு."

"மரியாதைக்கு" என்று திரும்பச் சொன்னார். கதவைச் சாத்தினார். மெதுவாக. அடித்துச் சாத்தியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம்.

ஒக். 4, சனி

ஹீற்றர் போட்டுவிட்டார்கள், ஒருவழியாக. இப்போது வெக்கை.

நாளைக்குப் போவதா விடுவதா. வதனி: "கூப்பிட்டது முதலெல்லோ. இப்ப போய் முன்னுக்கு நிண்டால் அந்த மனுசனுக்கு இன்னும் விசர் வரும்." அபி: "போங்கோ அம்மம்மா. போகாட்டில் ஒளிக்கிற மாதிரி இருக்கும்."

உளுந்து ஊறப்போட்டேன்.

ஒக். 5, ஞாயிறு

வடை கொண்டு போனேன். அபி சட்டியை வாசல்வரை தூக்கிவந்தாள்.

ஏழெட்டுப் பேர், எல்லாம் நரைத்த தலை. மேசையைச் சுற்றி நெருக்கி, உள்பக்கம் பார்த்து இருக்கிறார்கள். கேட்க வந்தவர்களுக்கு முதுகு. எங்கள் கச்சேரியில் இப்படி இருந்தால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். இவர்களுக்கு அதுதான் முறையாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் வாசிப்பது. செல்சோ என்னைக் கண்டார். தலையசைக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. சுவரோரக் கதிரையில் இருந்தேன்.

றெக்கோட்டைப் போட்டார். முதலில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். பிறகு மனுசியின் குரல். எல்லாருக்கும் தலை குனிந்தது. பாதிப் பாட்டில் நான் பொட்டு வைத்த இடம். ஊசி துள்ளியது. பாடின சொல்லையே திரும்பப் பாடினாள். திரும்பவும். திரும்பவும் அதே சொல். எழும்பி ஓட நினைத்தேன்.

ஒருவரும் ஊசியில் கை வைக்கவில்லை. செல்சோவைத்தான் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்போது மேசையில் இருந்த ஒரு கிழவி அடுத்த சொல்லைப் பாடினாள், றெக்கோட்டில் இருந்தவள் போகமுடியாமல் நின்ற சொல்லை. பக்கத்தில் இருந்தவர் கிற்றாரை எடுத்தார். பிறகு சின்ன மேளம். பிறகு எல்லாரும். செல்சோ கையை நீட்டி ஊசியைத் தூக்கினார். பாட்டு நிற்கவில்லை. அவரும் பாடினார், கண்ணீர் ஓட ஓட. றோசாவுக்கா, றெக்கோட்டுக்கா, கேட்க எனக்கு என்ன உரிமை.

இருட்டும்வரை பாடினார்கள். வடை முடிந்தது. செல்சோ ஒன்றும் எடுக்கவில்லை. கவனித்தேன்.

"போட்டு வாறன்" என்றேன். அவர் றெக்கோட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒக். 8, புதன்

வெயில். லோண்டிறியில் அவர். குட் மோர்னிங் இல்லை.

வதனி: "ரெண்டு மூண்டு நாளில மறந்திடுவார், விடுங்கோ."

மறக்கக்கூடாது. இரண்டு மூன்று நாளில் மறந்தால் அது என்ன றெக்கோட், அவள் என்ன பெண்சாதி. கோபத்தை வைத்திருக்கத் தெரிந்த மனிதர். எனக்கு அவரில் மதிப்புக் கூடியிருக்கிறது.

ஆனால் எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டால், அது மூடும்வரை நான் வெளியே போவதில்லை. பிறரில் கோபம் வைத்திருந்துதான் எனக்குப் பழக்கம். பரிமளத்துக்கும் இப்படித்தான் இருக்குமோ. இருக்கட்டும், அவள் வேறு.

ஒக். 10, வெள்ளி

திரும்ப மழை. கடைக்குப் போய் வந்தேன். கத்தரிக்காய் நல்லதில்லை, வாங்கவில்லை. அரிசி, மா, பால். இரண்டு கையிலும் பை. எலிவேற்றர் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே செல்சோ. என்னைக் கண்டார். மற்றப் பக்கம் பார்த்தார். பிறகு கையை விட்டுக் கதவை மறித்தார்.

ஏறினேன். எங்கள் மாடி வரும்வரை இரண்டு பேரும் நம்பரைப் பார்த்தபடி. இறங்கும்போது அரிசிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முகம் தராமல் முன்னால் நடந்தார். என் வாசலில் வைத்தார். தன் கதவைத் திறந்தார்.

"இன்னும் கோபம்தான்" என்றார்.

"ஓம். தெரியும்" என்றேன்.