தூண் இல்லாத கூடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்க்கிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் மட்டும்தான், அதுவும் வேளாவேளைக்குத் தவறாமல் வருகிறது.

நான் பழுதுபார்க்க வந்திருக்கும் பழைய விமானக் கொட்டகையைப் பற்றிச் சொன்னேனே, அதன் மரவளைவுகள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே வீச்சில் போகின்றன. விமானத்தின் இறக்கை இடிக்கக் கூடாது என்று நடுவில் ஒரு தூண்கூட வைக்காமல் கட்டினார்கள். அதன் பெருமையே அதுதான். அதைக் கல்யாண மண்டபமாக்கும் முதலாளி நேற்று வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, பழைய கட்டடம்கறீங்க, ஒரு தூணைக் காணோம்? சிங்கம் வச்சு ரெண்டு வரிசை நிறுத்துங்க. அப்பத்தான் பாரம்பரியமா இருக்கும்."

"தூண் இல்லாததுதான் சார் இங்க பாரம்பரியம். தூண் இருந்தா விமானம் எப்படி உள்ள வரும்?"

"இப்ப விமானமா வருது? மாப்பிள்ளைதானே வர்றாரு!"

மேஸ்திரி சிரித்தார். பொறியாளர் படித்தவர் என்பதால் இன்னும் பலமாகச் சிரித்தார். உடனே தரையை உடைக்க ஆள் வந்தது. தூணுக்காகச் சுண்ணாம்பில் குறி போட்ட இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். கவலைப்படாதே, தரை சுத்தமாகத்தான் இருந்தது. மாலைவரை யாரும் என்னைத் தூக்கத் துணியவில்லை.

வேலை அநேகமாகப் போய்விடும். என் கட்டில்மேல் நீ அடுக்கியிருக்கும் பாத்திரங்களை இறக்கி வை. ஃபோனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசு, திட்டினாலும் பரவாயில்லை. இங்கே என்னோடு யாரும் பேசுவதில்லை.

வாசலில் சிமெண்ட் லாரி வந்து நிற்கிறது. நான் போய் உட்கார வேண்டும்.

உன் மகள்