வேண்டாம் என்று சொல்ல விட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

இன்று காலை விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வரும் பேருந்தில் முன் இருக்கைக்காரர் ஓர் ஏலக்காயைக் கடித்தார். வாசனை பின்னால் வந்ததும் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்து ஒரு மறுப்பு வரப்போகிறது என்று என் உடம்புக்கு இன்னும் நினைப்பு. நீங்கள் போன பிறகு ஒரு பட்டாசு சீசனே முடிந்துவிட்டது. அதை இந்த உடம்புக்கு யார் எடுத்துச் சொல்வது?

நீங்கள் ஏலக்காய் கடிப்பது மறுப்பதற்கு முன்னால்தான். ஒப்புக்கொள்கிற விஷயம் என்றால் வெறும் வாயோடு தலையை ஆட்டிவிடுவீர்கள். உங்கள் பட்டாசுக் கம்பெனியின் அலுவலகத்தில் இது எல்லாருக்கும் தெரியும், உங்களைத் தவிர. சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன வெள்ளி டப்பா வெளியே வந்ததும், பேசிக்கொண்டிருப்பவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். எனக்கு அது தெரியாத முதல் நாளில் நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

நான் மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருந்தேன். வியாபாரிகளின் ஆர்டரையும் குடோனில் இருக்கும் சரக்கையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும் என்று உங்கள் தம்பி, நாங்களெல்லாம் சின்னவர் என்று சொல்பவர், என்னை அழைத்து வந்தார். அதற்கு முன்பே வெளியூர்க் கம்பெனி ஒன்று அந்த வேலையைச் செய்து கொடுத்திருந்தது. முழுத் திட்டத்தையும் முதலிலேயே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்து முடித்துக் கொண்டுவருவதற்குள் விதிமுறைகள் மாறின; பாதிச் சரக்கின் வெடிமருந்தே மாறிப்போனது. நாம் நிறுத்திவிட்ட சரக்குக்கெல்லாம் அந்த மென்பொருள் இருப்புக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் நீங்கள் அவர்கள் பக்கம்தான் பேசினீர்கள்.

“சொன்னதச் சொன்னபடி செஞ்சு குடுத்தாக. மாறினது நாமதான?”

நான் அஜைல் முறையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிப் பூட்டி வைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு பகுதியைச் செய்து உங்கள் கையில் தருவோம். நீங்கள் பார்த்துச் சொல்வதை வைத்து அடுத்ததைச் செய்வோம் என்றேன். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் என்றதும் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

“அப்படின்னா?”

“வேகமா ஓடுறது, அண்ணாச்சி.”

“பட்டாசு பேக்டரிக்குள்ள நாங்க யாரையும் ஓட விடுறதில்ல மேடம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், “தப்பா வந்தாலும் பரவாயில்ல அண்ணாச்சி, செஞ்சு பார்ப்போம், திருத்திக்கிடலாம்” என்றேன்.

நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள். டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. “அந்த வார்த்தைய எங்க தொழில்ல யாரும் சொல்ல மாட்டாக” என்று எழுந்து போய்விட்டீர்கள். சின்னவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். “அண்ணன் அப்படித்தான். எழுதிக் கையெழுத்துப் போடாம ஒரு ஆணி அடிக்கவிட மாட்டாரு.”

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. படம் போட்டுக் காட்டினேன். இந்த முறையில் தேறி வந்த மற்றக் கம்பெனிகளைப் பற்றிச் சொன்னேன். “அங்கன எம்புட்டோ நடக்கும். இங்கன என்ன நடக்கும்னு சொல்லுங்க” என்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஏலக்காய் வாசனையோடுதான் பேருந்து ஏறினேன்.

ஒருநாள் நீங்களே போன் செய்தீர்கள். எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கும் தொழிற்சாலையைப் பார்க்க வரச் சொன்னீர்கள். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நீங்கள் தொட்டுக் காட்டினீர்கள். உள்ளே இத்தனை பேர் வேலை செய்தும் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரங்கள். ஒவ்வொரு அறையின் சுவரிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று எழுதியிருந்தது. யாரும் அவசரமாக நடக்கவில்லை.

வரிசையின் கடைசியில் அறை இல்லாத ஓர் இடம் இருந்தது. அடித்தளக் கல் மட்டும் தெரிந்தது. அங்கே நின்றீர்கள்.

“என் தங்கச்சி மாப்பிள்ளதான் இங்கன போர்மேன். சீசன் நெருக்கடி. ஆர்டர் திடீர்னு கூடிப்போச்சு. வழக்கமா ரெண்டு ரூம்ல செய்யிற வேலைய ஒரே ரூம்ல வச்சுச் செஞ்சு பார்ப்போம், இன்னைக்கு ஒருநா மட்டும்னு சொன்னது நான்தான் தாயி.”

அதுவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“அவன் வேணாம்னு சொல்லல. ஆனா முகத்துல இருந்துச்சு. நான் முதலாளி, பொண்ணு குடுத்த வீட்டு ஆளு வேற. எப்படி வாயத் திறப்பான்? மத்தவுகள வெளிய அனுப்பிட்டு அவன் ஒருத்தனா உள்ள போயிருக்கான். அது வெடிச்சு, அவனும் போனதுக்கு அப்புறந்தான் எனக்குத் தெரியும்.”

காற்று கூட இல்லாத பகல் அது. நீங்கள் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் எதையும் எழுதி, எல்லாரும் பார்த்து, கையெழுத்துப் போடாமல் செய்வதில்லை என்று முடிவெடுத்ததாகச் சொன்னீர்கள். ‘செஞ்சு பார்ப்போம்’ என்று நான் சொன்னதைக் கேட்டதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்றும் சொன்னீர்கள்.

திரும்பி நடக்கும்போது உங்கள் பக்கத்தில் வந்து சொன்னேன். “அண்ணாச்சி, இந்த வேலிக்கு உள்ள நான் எதையும் கொண்டுவரல. ஆபீஸ் வேலைய மட்டுந்தான் சொல்றேன். அதுல ஒண்ணே ஒண்ணு. தெனமும் காலையில எல்லாரும் நின்னுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசுவோம். நேத்து என்ன செஞ்சோம், இன்னைக்கு என்ன செய்யப்போறோம், எங்க தட்டுதுன்னு. இது சரியில்ல, நிறுத்துங்கன்னு யாரு வேணாலும் அங்க சொல்லலாம்.”

நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

“சொன்னா நிறுத்துவீகளா?”

“நிறுத்துவோம்.”

“சீசன்லயும்?”

“சீசன்லயும்.”

“சொன்னவன யாரும் வைய மாட்டீகளே?”

“வைய விட மாட்டேன், அண்ணாச்சி.”

வாசலில் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டபோது சொன்னீர்கள்: “லோடு அனுப்புற பகுதிய மட்டும் மொதல்ல செய்யிங்க. நானும் கூட நிப்பேன்.”

நின்றீர்கள். முழங்கால் வலியோடு நின்றீர்கள். நாற்காலி போட்டால், “எல்லாரும் நிக்கும்போது எனக்கு எதுக்கு?” என்று தள்ளிவிட்டீர்கள். தப்பு கண்டுபிடிக்கத்தான் வருகிறார் என்று எங்கள் ஆட்கள் முதலில் பயந்தார்கள். யாராவது “தடங்கல் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றால், “தடங்கல் இல்லாம ஒரு வேலையா? அப்ப நீ வேலையே பாக்கல” என்பீர்கள். கொஞ்ச நாளில் தடங்கலைச் சொல்ல ஆளாளுக்குப் போட்டி வந்தது. லோடு அனுப்பும் பகுதி முடிந்து குடோன் ஆட்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அடுத்ததைச் செய்யுங்கள் என்று நீங்களே அவசரப்படுத்தினீர்கள். உங்கள் சந்தேகம் எப்போது கரைந்தது என்று எனக்குத் தெரியாது. டப்பா வெளியே வருவது குறைந்ததை மட்டும் கவனித்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. வியாபாரிகள் நேரடியாக ஆர்டர் போடும் பகுதியை மறுநாள் திறப்பதாக எல்லாருக்கும் சொல்லியாயிற்று. சீசன் உச்சத்தில் இருந்தது. வடக்கிலிருந்து போன் மேல் போன். எல்லாரையும்விட ஆர்வமாக இருந்தது நீங்கள்தான். காலைக் கூட்டத்தில் செல்வியின் முறை வந்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் வந்து போகிறவள். சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

“அண்ணாச்சி, நாளைக்குத் திறக்க வேணாம். ரெண்டு வியாபாரி ஒரே நேரத்துல ஆர்டர் போட்டா, ஒரே சரக்க ரெண்டு பேருக்கும் இருக்குன்னு காட்டுது.”

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இத இப்ப வந்து சொல்றியே! அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு இருக்காகல்ல? திறந்துட்டுப் பாத்துக்கிடலாம்.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் கை சட்டைப் பைக்குப் போனது. டப்பாவை எடுத்தீர்கள், திறக்காமல் வைத்துக்கொண்டே நின்றீர்கள்.

“நிறுத்துங்க” என்றீர்கள். பிறகு செல்வியிடம், “பயந்துக்கிட்டேதான சொன்ன?” என்று கேட்டீர்கள்.

“ஆமா அண்ணாச்சி.”

“நல்லது தாயி. பயந்துக்கிட்டாவது சொல்லணும்.”

நீங்கள் வெளியே போனதைப் பார்த்துச் சற்றுப் பொறுத்து நானும் வந்தேன். குடோனுக்குப் பக்கத்தில் லோடு ஏற்றாத லாரி ஒன்று நின்றது. அதன் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது என்னைப் பார்த்துவிட்டீர்கள்.

“இம்புட்டுத்தானா தாயி? ஒரு வார்த்தை சொல்றதுக்கும், அதக் கேக்குறதுக்கும், இம்புட்டு நேரந்தான் ஆகுமா?”



திறப்பது தள்ளிப்போனது. காத்திருக்க முடியாத சில வியாபாரிகள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். அந்தக் கோபம் சின்னவருக்கு அந்த சீசன் முழுக்க இருந்தது. தீபாவளிக்கு முன்பு என்னைக் கூப்பிட்டு, இனி ஆபீஸ் வேலை எல்லாம் இந்த முறையிலேயே நடக்கட்டும் என்றீர்கள். “பேக்டரி வேலிக்குள்ள மட்டும் உங்க அஜைல் வேணாம். ஆனா அந்தக் காலைப் பேச்சு மட்டும் உள்ள வரட்டும். வேணாம்னு சொல்றதுக்கு அங்கயும் ஆளு வேணும்.” இப்போதும் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அந்த வேப்பமரங்களுக்கு அடியில் போர்மேன்களும் வேலையாட்களும் நின்று பேசுகிறார்கள்.

அந்த மழைக்காலத்தில் உங்களுக்கு மூச்சிரைப்பு வந்தது. மதுரை மருத்துவமனையில் பார்க்க வந்தபோது ஆக்ஸிஜன் முகமூடி போட்டிருந்தார்கள். பேச முடியாமல் கையை அசைத்தீர்கள். போய் வேலையைப் பார் என்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொஞ்சம் இரு என்று சொன்னீர்களோ என்னவோ. அதை இனி யாரிடம் கேட்பேன்?

நீங்கள் போன மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே எல்லாரும் வந்து வட்டமாக நின்றோம். செல்விதான் முதலில் அழுதாள். அவளை வைத சின்னவரே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காரியம் முடிந்து உங்கள் வீட்டுக்குப் போனபோது உங்கள் தங்கை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“நீங்கதான அந்த மதுரைப் புள்ள? ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லி வேலைய நிறுத்தினாகல்ல, அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் அடுப்படிக்கு வந்து தரையில உக்காந்தாரு. அடுப்படிப் பக்கமே வராத மனுஷன். ‘நாந்தான்த்தா சொன்னேன், மாப்ள முகத்துல வேணாம்னு இருந்துச்சு, பாக்காத மாதிரி இருந்துட்டேன்’னு சொன்னாரு. எனக்குத் தெரியுங்க. அப்பவே கூட வேல பாத்தவுக வந்து சொல்லிட்டாக. அவரு வாயால எப்பச் சொல்வாருன்னுதான் இந்த வீட்டுலயே இருந்தேன்.”

அது செல்வி பேசிய நாளின் சாயங்காலம்தான் என்பது அவர் சொன்ன பிறகு புரிந்தது. அவரே சொன்னார்.

“மன்னிச்சேனான்னு கேட்டா சொல்லத் தெரியல. தோசை ஊத்திக் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். அவரு போனதுக்கப்புறமும் வீட்டுக்கு ஆளுக வருவாக போவாக. அடுப்படியில வந்து உக்கார யாருமில்ல.”

உங்களிடம் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அண்ணாச்சி. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் மகளைக் கோயம்புத்தூரில் ஒரு விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பது என்று வீட்டில் முடிவாயிற்று. நல்ல கல்லூரி. அவள் அப்பா, மாமா, எல்லாருக்கும் சம்மதம். இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டே அவளிடம் கேட்டேன். “சரிம்மா” என்றாள். முன்பென்றால் அந்த ஒரு சொல் எனக்குப் போதும். கத்தியை வைத்துவிட்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் இடித்துக்கொண்டு, சண்டை போட்டு, எல்லாம் அடங்கியது. அதன் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“வேணாம்மா.”

சரி என்றேன், அண்ணாச்சி.